சிவப்பு மூடி சிரிஞ்ச்

வணக்கம். சென்னையில் 26 வருஷமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். வார்டில் மருந்து கொடுப்பதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பதெல்லாம் படிக்கும்போதே எங்களுக்கு மனப்பாடம். தெரிந்தவர் கையிலும் ஏன் தப்பு நடக்கிறது என்பதைத்தான் பேச வேண்டும். என் கையால் நடந்ததையே சொல்கிறேன்.

அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டி. 32 படுக்கைக்கு நாங்கள் இரண்டே பேர். சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவருக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் 20 யூனிட் இன்சுலின். மருந்தை அவர் மனைவி வீட்டிலிருந்தே ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அந்த வயலில், அதாவது மருந்துக் குப்பியில், ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று போட்டிருந்தது. நான் டிரேயிலிருந்து எடுத்ததோ சிவப்பு மூடி சிரிஞ்ச், அதாவது மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கானது. ஆரஞ்சு மூடி போட்டதை எடுத்திருக்க வேண்டும். 20 என்ற கோடு வரைக்கும் கவனமாகத்தான் இழுத்தேன். ஆனால் அந்த சிரிஞ்சில் 20-வது கோடு என்றால் அரை மில்லி, இந்த மருந்தில் அரை மில்லி என்றால் 50 யூனிட். இரண்டரை மடங்கு போய்விட்டது.

ஒன்பதரை மணிக்கு அந்த அம்மா ஓடி வந்தார். "சிஸ்டர், சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, என்னமோ உளறுறாரு, வந்து பாருங்க." சர்க்கரை 41-க்கு இறங்கியிருந்தது. நரம்பு ஊசியில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், போட்டதும் அவர் கண் திறந்து பார்த்தார், அப்புறம்தான் என் கண்ணில் அந்தச் சிவப்பு மூடி பட்டது. கை நடுங்கியது. உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சொன்னதால்தான் விடிய விடிய டிரிப்ஸ் ஓடவிட்டு, மணிக்கொரு தரம் சர்க்கரை பார்த்தார்கள். இல்லாவிட்டால் தெளிந்துவிட்டார் என்று விட்டிருப்பார்கள், தூக்கத்திலேயே மறுபடி இறங்கியிருக்கும். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. இரண்டு வகை சிரிஞ்சையும் ஒரே டிரேயில் யார் போட்டு வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மெமோவைப் பார்த்த மற்ற சிஸ்டர்கள் அடுத்த முறை தப்பை வெளியே சொல்வார்களா?

எனக்கு இன்னமும் ஆறாத கோபம் இதுதான். புற்றுநோய் வார்டில் வின்கிரிஸ்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது, ரத்தக்குழாய் வழியாக மட்டுமே போக வேண்டும், முதுகுத்தண்டில் போட்டுவிட்டால் உயிரையே எடுத்துவிடும். உலகின் பல இடங்களில் அந்தத் தப்பு நடந்த பிறகு உலக சுகாதார நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா, சிரிஞ்சில் ஏற்றாதீர்கள், சின்ன டிரிப்ஸ் பையில் கலந்து கொடுங்கள் என்றது. பையைக் கொண்டுபோய் முதுகு ஊசியில் மாட்ட யாருக்கும் தோன்றாது. கவனமாக இரு என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட இந்த ஒரு பை பெரிசு. பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான், கலக்காமல் நேராக ரத்தக்குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அதைக் கொண்டுபோய், பார்க்க அதே மாதிரி இருக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூல் பக்கத்தில் ஏன் வைக்க வேண்டும்? தனிப் பெட்டி, பூட்டு, ஒரு சிவப்பு ஸ்டிக்கர், அவ்வளவுதானே செலவு.

சரி, நம் கையில் இருப்பதற்கு வருவோம். "நீங்கதானே செல்வி?" என்று கேட்காதீர்கள். ஜுரத்தில் கிடப்பவர் எந்தப் பெயருக்கும் ஆமாம் என்பார், நம் வார்டில் ஒரே நேரத்தில் மூன்று செல்வி இருப்பார்கள். "உங்க பேரு என்னம்மா, வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையோடு ஒத்துப் பாருங்கள். போனில் டாக்டர் ஃபிஃப்டீன் என்றால் ஃபிஃப்டி என்று காதில் விழும். "ஒன் ஃபைவ்தானே டாக்டர்?" என்று திருப்பிச் சொல்லி, எழுதிக்கொண்ட பிறகே மருந்தைத் தொடுங்கள்.

பிரசவ வார்டில் ஃபிட்ஸுக்காக மெக்னீசியம் சல்பேட் ஓடுகிறதா? அடுத்த டோஸுக்கு முன்னால் முழங்காலில் தட்டிப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள், சிறுநீர் போகிறதா பாருங்கள். கால் உதறவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். மெக்னீசியம் அதிகமானால் முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஆம்பூல் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், அந்த நேரத்தில் அலமாரியைத் துழாவ முடியாது. குழந்தைகள் வார்டில் இன்றைக்குப் பார்த்த எடையை வைத்து மருந்தளவைக் கணக்குப் போட்டு, இன்னொரு சிஸ்டரையும் அதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தசமப் புள்ளி தவறினால் பத்து மடங்கு.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. சிஸ்டர் சிரிஞ்சில் மருந்து ஏற்றும்போது அந்த ஒரு நிமிஷம் கூப்பிடாதீர்கள். அப்புறம், வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொண்டால், இன்று ராத்திரியே ஃப்ரிட்ஜிலிருந்து வயலை எடுத்து 40-ஆ 100-ஆ என்று படியுங்கள், சிரிஞ்ச் மூடியின் நிறத்தையும் பாருங்கள். 40-க்குச் சிவப்பு, 100-க்கு ஆரஞ்சு. ஆஸ்பத்திரிக்கு வரும்போது இரண்டையும் சேர்த்தே எடுத்து வாருங்கள்.