முழங்கால்போல் மடங்கிய துப்பாக்கி: போர்ஷார்ட்டின் கதை

வணக்கம் நண்பர்களே. இன்று என் மேசைமேல் இரண்டு மரச்சட்டங்களும் ஒரு கதவுக்கீலும் மட்டும்தான் இருக்கின்றன. இரண்டு சட்டங்களையும் கீலால் இணைத்திருக்கிறேன். கேமராவைக் கொஞ்சம் இறக்கிவைக்கிறேன், கையைப் பாருங்கள்.

இப்போது சட்டங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. ஒரு முனையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, மறுமுனையை உள்ளங்கையால் அழுத்துகிறேன். என் முழு பலத்தையும் கொடுக்கிறேன், அசையவில்லை. இப்போது கீல் இருக்கும் இடத்தைச் சுண்டுவிரலால் மேல்நோக்கித் தட்டுகிறேன். பார்த்தீர்களா, உடனே மடங்கிவிட்டது. நம் முழங்காலும் இப்படித்தான். நேராக நிற்கும்போது ஒரு மூட்டை அரிசியையே தாங்கும். பள்ளியில் பின்னால் நிற்கும் பையன் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும், மடங்கிவிடும்.

இந்த ஒரு குணத்தை வைத்து 1893ஆம் ஆண்டில் பெர்லினில் ஒரு மனிதர் ஒரு கைத்துப்பாக்கியைச் செய்தார். அவர் பெயர் ஹியூகோ போர்ஷார்ட். லூகர் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர் இருப்பீர்கள். பிரவுனிங், மவுசர் பெயர்களும் தெரிந்திருக்கும். போர்ஷார்ட்டைத் தெரிந்தவர்கள் குறைவு. பல ஆண்டுகள் லேத் பட்டறையில் நின்று வேலை செய்தவன் நான். இந்த மனிதரின் வேலையைப் படங்களிலும் வரைபடங்களிலும் பார்த்த நாளிலிருந்து அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது.

அவருக்கு முன்னால் இராணுவ அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது ரிவால்வர். உருளையில் ஆறு தோட்டாக்கள் இருக்கும். விரல் விசையை இழுக்கும் பலத்திலோ, கட்டைவிரல் சுத்தியலைப் பின்னால் இழுக்கும் பலத்திலோ உருளை சுழலும். அதாவது வேலை முழுவதையும் செய்வது சுடுபவரின் கை. ஆறும் தீர்ந்தபின் மறுபடி நிரப்ப நேரம் ஆகும். வெடிக்கும்போது வீணாகப் போகும் பின்னுதைப்பைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன என்று பலர் யோசித்தார்கள். ஆனால் பழைய கரிய வெடிமருந்து அவர்களை விடவில்லை. சுடச்சுடக் கரி படியும், புகை மூட்டும், சின்னஞ்சிறு பாகங்கள் சிக்கிக்கொள்ளும். 1884இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். குறைந்த மருந்தில் அதிக சக்தி கிடைத்தது, கசடும் மிகக் குறைவு. அதன்பிறகுதான் கைக்குள் அடங்கும் தானியங்கிப் பொறி கைகூடும் காரியமாக ஆனது.

போர்ஷார்ட் 1844இல் ஜெர்மனியின் மக்டேபர்க்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே அமெரிக்கா போய், அங்கே வின்செஸ்டர், ஷார்ப்ஸ் போன்ற துப்பாக்கி நிறுவனங்களில் வேலை செய்தார். பிறகு புடாபெஸ்டில் ஓர் ஆயுத ஆலையில் இருந்தார். கடைசியில் பெர்லினின் லுட்விக் லோவே நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். வின்செஸ்டர் நீள்துப்பாக்கிகளில் இந்த முழங்கால் மூட்டு ஏற்கெனவே உண்டு. ஹைரம் மாக்சிம் தன் இயந்திரத் துப்பாக்கியில் அதே மூட்டைப் பின்னுதைப்பால் மடக்கிக் காட்டியிருந்தார். போர்ஷார்ட் அந்தப் பெரிய பொறியை ஒரு கை பிடிக்கும் அளவுக்குச் சுருக்கினார்.

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். தோட்டா வெடிக்கும்போது குழலும் அதன் பின்னால் நேராக நிற்கும் மூட்டும் சேர்ந்தே பின்னால் நகர்கின்றன. குண்டு குழலைவிட்டு வெளியேறி அழுத்தம் குறையும்வரை மூட்டு நேராகவே நின்று தாங்குகிறது. கொஞ்ச தூரம் போனதும் சட்டகத்தின் பின்பகுதி அந்த மூட்டைத் தட்டுகிறது. முழங்கால் மேல்நோக்கி மடங்குகிறது. காலிக்கூடு வெளியே எறியப்படுகிறது. பிறகு ஸ்பிரிங் மூட்டை மறுபடி நேராக்கும்போது, கீழிருந்து அடுத்த தோட்டா உள்ளே தள்ளப்படுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் இத்தனையும் நடந்துவிடுகின்றன.

அவர் செய்த இன்னொன்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எட்டுத் தோட்டாக்கள் கொண்ட பெட்டியைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்தார். கீழிருந்து செருகலாம், தீர்ந்ததும் கழற்றி இன்னொன்றைச் செருகலாம். இன்று உலகில் எந்தக் காவலரின் இடுப்பில் உள்ள பிஸ்டலைப் பார்த்தாலும் தோட்டாப்பெட்டி அங்கேதான் இருக்கிறது. விற்பனைக்கு வந்த கைத்துப்பாக்கிகளில் அதை முதலில் அங்கே வைத்தவர் இவர்.

குறையும் இருந்தது. மூட்டை இழுக்கும் ஸ்பிரிங் கடிகாரத்தில் இருப்பதுபோல் சுருண்ட பட்டை. அதற்கென்று பின்னால் ஒரு பெரிய கூடு, கைக்குமேல் பிதுங்கி நின்றது. கைப்பிடியோ ஏறக்குறைய செங்குத்து. எடை ஒரு கிலோவுக்கு மேல். ஒரு கையால் நீட்டிக் குறிபார்ப்பது கடினம். அந்தச் சுருள்பட்டையைச் சரியான இறுக்கத்தில் பொருத்துவதற்குக் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் பொறுமை வேண்டும். போர்க்களத்துச் சேற்றில் அந்தப் பொறுமைக்கு இடம் ஏது? சுமார் 3,000 துப்பாக்கிகளோடு உற்பத்தி முடிந்துபோனது. எந்த நாட்டு இராணுவமும் அதை ஏற்கவில்லை.

போர்ஷார்ட் தன் வடிவமைப்பில் கைவைக்க விரும்பவில்லை என்று சொல்வார்கள். அந்த வேலையைச் செய்தவர் அதே நிறுவனத்தில் இருந்த ஜார்ஜ் லூகர், ஆஸ்திரியாவின் டிரோல் பகுதிக்காரர். பின்னால் பிதுங்கிய கூட்டை எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கைக் கைப்பிடிக்குள் கொண்டுபோனார். கைப்பிடியைச் சாய்த்தார். விரல் நீட்டி ஒன்றைச் சுட்டிக்காட்டினால் மணிக்கட்டு இயல்பாக எந்தக் கோணத்தில் நிற்குமோ, அந்தச் சாய்வு. தோட்டாக்கூட்டையும் 25 மில்லிமீட்டரிலிருந்து 21 மில்லிமீட்டராகக் குறுக்கினார். பொறி பழையதுதான், முழங்கால் அதேதான். ஆனால் கை அதை ஏற்றுக்கொண்டது.

1900இல் சுவிட்சர்லாந்து இராணுவம் அதை ஏற்றது. 1904இல் ஜெர்மன் கடற்படையும் 1908இல் ஜெர்மன் தரைப்படையும் ஏற்றன. இடையில், 1902 வாக்கில், லூகர் அந்தக் குறுகிய தோட்டாவின் வாயை 9 மில்லிமீட்டருக்கு விரித்தார். அந்த 9 மில்லிமீட்டர் தோட்டாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு மறுபடி வருகிறேன். இந்தத் துப்பாக்கிக்கும் அந்தத் தோட்டாவுக்கும் வழங்கும் பாராபெல்லம் என்ற பெயர் நிறுவனத்தின் தந்தி முகவரியிலிருந்து வந்தது. ‘அமைதி வேண்டுமானால் போருக்கு ஆயத்தமாகு’ என்ற லத்தீன் வாசகத்தின் கடைசி இரண்டு சொற்கள் அவை.

லேத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். லூகர் துப்பாக்கியின் சின்னச் சின்னப் பாகங்களில்கூட அந்தத் துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறித்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் கையால் உரசிப் பொருத்தினார்கள் என்பதற்கு அடையாளம் அது. ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்டினால் சரியாக உட்காரும் என்று நம்ப முடியாது. கைவேலையாகப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். போர்க்காலத்தில் இலட்சக்கணக்கில் செய்ய வேண்டிய பொருளாகப் பார்த்தால் அது பெரும் சுமை.

இதே காலத்தில் மவுசர் ஆலையில் ஃபெடர்லே சகோதரர்கள் வேறு வழியில் போனார்கள். 1896 மாதிரியில் தோட்டாப்பெட்டி விசைக்கு முன்னால், கழற்ற முடியாதபடி நிலையாக இருந்தது. மேலிருந்து பத்துத் தோட்டாக்களைப் பட்டையோடு தள்ள வேண்டும். 1898இல் சூடானின் ஓம்டுர்மான் போரில் இளம் வின்ஸ்டன் சர்ச்சில் இதைத்தான் பயன்படுத்தினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பம்பாய்த் துறைமுகத்தில் படகிலிருந்து இறங்கும்போது அவருடைய தோள்மூட்டு பிசகியிருந்தது. குதிரைமேல் வாள் வீச அந்தத் தோளை நம்ப முடியவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனி இந்த மவுசரை 9 மில்லிமீட்டர் அளவில் செய்யச் சொன்னது. தவறான தோட்டாவைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கைப்பிடி மரத்தில் பெரிய சிவப்பு 9 ஒன்றைச் செதுக்கினார்கள்.

அதிகாரிகள் இவற்றை எளிதில் நம்பிவிடவில்லை. அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். தானியங்கியில் அப்படி நேர்ந்தால் இன்னொரு கை வேண்டும். குதிரைவீரனின் மறுகையிலோ கடிவாளம் இருக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. குதிரை மிரண்டால் விரல் அறியாமல் அழுந்திவிடும். இதை யோசித்துத்தான் ஆஸ்திரியா-ஹங்கேரி தன் குதிரைப்படைக்கு 1907இல் ராத்-ஸ்டேயர் துப்பாக்கியை ஏற்றது. அதில் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி பாதிதான் பின்னிழுக்கப்பட்டு நிற்கும். மீதிப் பாதியை விரல்தான் இழுத்து முடிக்க வேண்டும். பல பத்தாண்டுகள் கழித்து அதே ஆஸ்திரியாவில் வந்த கிளாக் துப்பாக்கியிலும் ஊசி ஓரளவுதான் இழுபட்டு நிற்கிறது. மீதியை முடிப்பது விரல்தான்.

இனி பிரவுனிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டனில் பிறந்தவர். முழங்கால் மூட்டைத் தொடவே இல்லை. குழலின்மேல் முன்னும் பின்னும் சறுக்கும் ஓர் இரும்பு உறையை, ஸ்லைடை வைத்தார். பாகங்கள் குறைந்தன, தூசிக்கு வழியும் குறைந்தது. பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை அதைச் செய்தது. 1900இல் பெல்ஜிய இராணுவம் ஏற்றது. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தப் பெல்ஜியத் துப்பாக்கிகள் உலகெங்கும் போயின. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் துப்பாக்கியால்தான்.

அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க இராணுவம் கோல்ட் நிறுவனத்தின் பிரவுனிங் பிஸ்டலையும் சாவேஜ் பிஸ்டலையும் எதிரெதிரே வைத்துச் சோதித்தது. ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள். சாவேஜ் 37 முறை தடுமாறியது. கோல்ட் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. மார்ச் 29 அன்று அதை ஏற்றார்கள். 1985 வரை அதுவே அவர்களின் முறையான கைத்துப்பாக்கியாக இருந்தது. லூகரும் 1907ஆம் ஆண்டுச் சோதனைக்கு ஒரு பெரிய அளவுத் துப்பாக்கியைக் கொண்டுபோனார், பிறகு அவருடைய நிறுவனம் விலகிக்கொண்டது. என் கணக்கில் முழங்கால் மூட்டின் எதிர்காலம் அங்கேயே முடிந்துவிட்டது. ஸ்லைடு வென்றுவிட்டது.

லூகர் 1923இலும் போர்ஷார்ட் 1924இலும் இறந்தார்கள்.

இப்போது நான் நினைவில் வைக்கச் சொன்ன தோட்டாவுக்கு வருகிறேன். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ஆலையில் செய்த 9 மில்லிமீட்டர் பிஸ்டலை நம் இராணுவத்தினர், காவல்துறையினர் இடுப்பில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் மூல வடிவம், பிரவுனிங் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் எஃப்.என். ஆலையின் வடிவமைப்பாளர் சேவ் முடித்துவைத்தது. மேலே சறுக்கும் ஸ்லைடு பிரவுனிங்கினுடையது. உள்ளே இருக்கும் தோட்டா லூகருடையது, போர்ஷார்ட்டின் கூட்டைக் குறுக்கி விரித்துச் செய்தது. கைப்பிடியின் அடியில் ஒரு சின்ன இரும்பு விளிம்பு தெரியும். அடுத்தமுறை கவனியுங்கள். அது தோட்டாப்பெட்டியின் அடிப்பாகம். 1893இல் போர்ஷார்ட் அதை எங்கே வைத்தாரோ, அங்கேயேதான் இன்றும் இருக்கிறது.