கையெழுத்து வாஷிங்டனில், கரித்தூள் முந்த்ராவில்

அனைவருக்கும் வணக்கம். மனித உரிமை, வெளிநாட்டுக் கடன், நிலக்கரி என்று அழைப்பிதழில் பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டுவிட்டார்கள். நான் கருவாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குஜராத்தில் கட்ச் வளைகுடாக் கரையில் முந்த்ரா இருக்கிறது. அங்குள்ள வாகேர் மீனவர்கள் மழைக்காலத்தில் ஊரில் இருப்பார்கள். மழை விட்டதும் குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்து, குடிசை போட்டு, கோடை முடியும்வரை அங்கேயே தங்குவார்கள். அந்த இடத்துக்குப் பந்தர் என்று பெயர். நம்ம ஊர்ப் பந்தலுக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவில்லை. ஆனால் இதுவும் போட்டுப் பிரிப்பதுதான். கழி நட்டு, கயிறு கட்டி, பாம்பே டக்கைத் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். பேரில்தான் வாத்து, அது மீன். படகில்லாதவர்கள் கடல் வற்றும்போது சேற்றில் நடந்தே போய் வலை கட்டிவிட்டு வருவார்கள்.

அந்தக் கரைக்குத்தான் டாடா குழுமத்தின் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் வந்தது. 800 மெகாவாட்டில் ஐந்து அலகுகள்; முதல் அலகு 2012-ல் ஓடத் தொடங்கியது. கரி இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. பணம்? உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவான ஐ.எஃப்.சி. 2008-ல் 45 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது. ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தது.

நிலையத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுத்து, சூடான நீரைக் கால்வாய் வழியாகக் கடலுக்கே திருப்பி விடுகிறார்கள். கடலோர நிலையங்கள் விடும் நீரால் கடல்நீரின் சூடு 7 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பது இந்திய விதி. வெளியேறும் நீர் கடலோடு கலக்கிற எல்லையில் 3 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பது உலக வங்கிக் குழுமத்தின் அளவு. கரையோரம் மீன் குறைந்துவிட்டது, காயவைத்த மீனில் கரித்தூள் படிகிறது, கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, பந்தருக்குப் போகிற வழியைக் கால்வாய் வெட்டிவிட்டது: இவையெல்லாம் மீனவர்களின் புகார்கள்.

2011-ல் ஐ.எஃப்.சி.யின் சொந்தக் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கே மனு போட்டார்கள். 2013-ல் தணிக்கை அறிக்கை வந்தது. பருவத்துக்கு வந்து தங்கும் இந்த மக்களை ஐ.எஃப்.சி. தன் விதிப்படி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களைக் கலந்து பேசியதும் போதாது என்றது அறிக்கை. வருடத்தில் பாதிக்கு மேல் வாழ்கிற இடம், ஆனால் வீடு என்று எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. அறிக்கையில் பெரும்பகுதியை ஐ.எஃப்.சி. நிர்வாகம் ஏற்கவில்லை. ஐ.எஃப்.சி.க்கு உத்தரவு போட அந்த அலுவலகத்துக்கு அதிகாரமும் கிடையாது.

அப்புறம்தான், 2015-ல், ஐ.எஃப்.சி.யின் தலைமையகம் இருக்கிற வாஷிங்டனில் மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். சர்வதேச அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் 1945-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி எங்கள் மேல் யாரும் வழக்கே போட முடியாது என்றது ஐ.எஃப்.சி. கீழ் நீதிமன்றங்கள் ஒத்துக்கொண்டன. 2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்று அதை மாற்றியது. வெளிநாட்டு அரசுகளுக்கு என்ன பாதுகாப்போ அதேதான் ஐ.எஃப்.சி.க்கும். வணிகச் செயல் என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: சுற்றுச்சூழல் நிபந்தனைகளை நிறுவனம் மீறினால் நிதியை நிறுத்திவிட ஐ.எஃப்.சி.க்கு ஒப்பந்தத்திலேயே வழி இருந்தது.

எனக்கு இதுதான் முக்கியம். பணம் கொடுத்ததோடு சரி, நிலையத்தை நடத்துவது வேறு ஆள் என்று கடன் கொடுப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் கடிவாளம் அவர்கள் கையில் இருந்திருக்கிறது. ஐ.நா. 2011-ல் ஏற்ற வணிகம், மனித உரிமைகள் பற்றிய வழிகாட்டு நெறிகள் கேட்பதும் இதைத்தான்: தீங்கை நீயே விளைவித்தாயா, அதற்குத் துணைபோனாயா, உன் வணிக உறவு வழியாக அதோடு தொடர்பு உண்டா? மூன்றில் எதுவானாலும் உனக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. கடன் கொடுத்தவர் மூன்றுக்கும் வெளியே நிற்க முடியாது. சங்கடம் என்னவென்றால், அந்த நெறிகளை வைத்து மட்டும் கோர்ட்டுக்குப் போக முடியாது.

கோர்ட்டுக்குப் போனாலும் என்ன ஆகும் என்பதற்கு முந்த்ரா வழக்கே சாட்சி. உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்து வந்த மீனவர்களிடம், வழக்குக்கு அடிப்படையான செயல் அமெரிக்காவில் நடக்கவில்லை, இந்தியாவில் நடந்தது என்று 2020-ல் கீழ் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021-ல் மேல்முறையீட்டிலும் அதே பதில். 2022-ல் உச்ச நீதிமன்றம் திரும்ப விசாரிக்க மறுத்தது. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று வாஷிங்டனில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். பலன் கட்சில் விடிந்தது என்பதால் முடிவும் கட்சில் நடந்ததாக ஆகிவிட்டது.

அப்படியானால் கடன் ஒப்பந்தத்திலேயே, பாதிக்கப்படுகிறவர் எந்த ஊர் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று எழுதி வாங்க முடியாதா? முடியும். வழக்கிலிருந்து தனக்குள்ள பாதுகாப்பை விட்டுத்தர ஐ.எஃப்.சி.யால் முடியும். யார் கேட்டு வாங்குவது என்பதில்தான் வக்கீல்களுக்குள்ளேயே சண்டை. இங்கே வக்கீல்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மைக்கை அவர்களிடம் கொடுங்கள்.