பறவை இருந்தால் விமானியின் பதக்கமா?

(காட்சி: உள்ளங்கையில் வெண்கல நிறப் பதக்கம்)

வணக்கம். இது வெள்ளவத்தையில் தெரிந்த மாமி ஒருவர் வீட்டு அலுமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. "1942 ஈஸ்டர் ஞாயிறு, கொழும்புக்குக் குண்டு போட வந்து விழுந்த ஜப்பான் பிளேன்காரன்ட மெடல், தம்பி" என்று சொல்லித்தான் தந்தார். அந்த ஏப்ரல் 5 அன்று துறைமுகமும் ரத்மலானையும் தாக்கப்பட்டது உண்மை. ஜப்பான் விமானங்கள் சில விழுந்ததும் உண்மை. பதக்கம் மட்டும் வேறு கதை சொல்கிறது.

(நெருக்கமாக: பறவை)

இறக்கை விரித்த பறவை. இதைப் பார்த்துத்தான் வீட்டில் விமானி என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். ஆனால் இது காகம். ஜப்பானியப் புராணத்தில் ஜிம்மு சக்கரவர்த்திக்கு வழிகாட்டிய மூன்று கால் காகம். நிற்பதும் தரைப்படை, கடற்படைக் கொடிகளின் மேல்.

(காட்சி: பதக்கத்தைத் தொங்கவிடும் மேல் சட்டம்)

இங்கே நான்கு எழுத்துகள். போனைக் காட்டி மொழிபெயர்க்கப் பார்த்தால் குழம்பலாம். அந்தக் காலத்தில் கிடைவரியை வலமிருந்து இடமாக எழுதினார்கள். அப்படி வாசித்தால் 'ஜூகுன் கிஷோ', போர்ச் சேவை நினைவுப் பதக்கம். பின்பக்கம் 'ஷினா ஜிஹென்', அதாவது சீனச் சம்பவம். 1937இல் சீனாவோடு தொடங்கிய போரைப் போர் என்று சொல்ல மனமில்லாமல் டோக்கியோ வைத்த பெயர். தமிழிலும் 'சம்பவம்' என்றே எழுதுங்கள். 'போர்' என்று திருத்தினால் அந்த மழுப்பல் காணாமல் போய்விடும். 1939இல் உருவான இந்தப் பதக்கம் விமானிக்கென்று தனியாக வந்ததல்ல, அந்தப் போரில் சேவை செய்த எல்லாருக்கும் பொதுவானது.

சோவியத்தின் 'ஸா ஒத்வாகு' பதக்கத்திலும் இதே குழப்பம்தான். மேலே மூன்று விமானம், கீழே டாங்கி, பொருள் 'துணிவுக்காக'. காலாட்படைக்காரருக்கும் கொடுத்தார்கள்.

சரி, ஆண்டையாவது நம்பலாமா? அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரிகளுக்குக் கொடுத்த டி.எஃப்.சி. (சிறப்புப் பறத்தல் சிலுவை) என்ற வெள்ளிச் சிலுவையின் பின்னால் 1918 இருக்கும். அது பதக்கம் பிறந்த ஆண்டு. இரண்டாம் உலகப் போரில் வழங்கியது என்றால் கீழ்க்கரத்தில் இன்னோர் ஆண்டு பொறித்திருக்கும், பெயர் இராது. சார்ஜன்ட் போன்றோருக்குக் கொடுத்த டி.எஃப்.எம். (சிறப்புப் பறத்தல் பதக்கம்) நீள்வட்டம். அதன் விளிம்பில் எண், பதவி, பெயர் மூன்றும் உண்டு. அதனால் தயவுசெய்து பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள்.

அப்புறம் ஒல்லாந்தர். ஜாவா ஜப்பானியரிடம் விழுந்ததும் தப்பி வந்த அவர்களுடைய கடற்படை விமானிகள் திருகோணமலை சீனக்குடாவில் இருந்து கட்டலினா என்ற கடல்விமானம் ஓட்டினார்கள். அவர்களுடைய விமானிச் சிலுவையில் மூன்று சொற்கள்: முன்முயற்சி, துணிவு, விடாமுயற்சி. 'மூட்' என்று ஒலிப்பதுதான் துணிவு; ஆங்கில 'மூட்' அல்ல. 1941 என்ற ஆண்டும் இருக்கும், அதுவும் பிறந்த ஆண்டே. வெள்ளையும் செம்மஞ்சளும் சரிந்து ஓடும் ரிப்பன் இருந்தால் தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

(காட்சி: டின் மூடி)

மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காகமோ? சரி, இருக்கட்டும்" என்று டின்னுக்குள் வைத்து மூடினார்.