ஒரு கையகலத் தூரம்: சுசந்திகா ஜயசிங்க ஓடிய 200 மீற்றர்

[திரையில்: சுண்ணாம்புக் கோடு போட்ட பாடசாலை மைதானம்]

வணக்கம். நம் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கும்போது, முடிவுக் கோட்டருகே நான்கைந்து ஆசிரியர்கள் நிறுத்தற் கடிகாரத்தோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தொடக்கத் துப்பாக்கியின் புகை தெரிந்ததும் கட்டைவிரலால் அழுத்துவார்கள். பிள்ளை கோட்டைத் தாண்டியதும் மறுபடி அழுத்துவார்கள். அப்படிக் கையால் எடுக்கும் நேரத்தைப் பத்தில் ஒரு செக்கன் வரைதான் பதிய முடியும். அதற்குமேல் மனித விரலை நம்ப முடியாது.

இன்று நாம் பேசப்போகும் ஓட்டவீராங்கனையின் நேரத்தை அந்தக் கடிகாரங்கள் அளந்திருந்தால், அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய இரண்டு ஓட்டங்களிலும் அவருக்கும் அவரோடு இழுபறிப்பட்டவருக்கும் ஒரே நேரத்தைத்தான் எழுதியிருப்பார்கள்.

[திரையில்: இலங்கை வரைபடம். கேகாலை மாவட்டம் ஒளிர்கிறது]

சுசந்திகா ஜயசிங்க 1975 டிசெம்பர் 17 அன்று பிறந்தவர். கேகாலை மாவட்டத்தின் அத்னாவல கிராமத்துப் பெண். வசதி குறைந்த குடும்பம். அவர் ஓடத் தொடங்கிய காலத்தில், மெய்வல்லுநர் போட்டிகளில் ஒலிம்பிக் பதக்கம் என்றால் இலங்கைக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: 1948 லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற டங்கன் வைட். அப்போது நாட்டின் பெயரே சிலோன். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு வெறுமை. 1996 உலகக் கிண்ணத்துக்குப் பின் எங்கு பார்த்தாலும் கிரிக்கெட் பேச்சாக இருந்த நாட்டில், ஒரு பெண் தனியாக ஓடிப் பெயர் எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

[திரையில்: 1997, ஏதென்ஸ்]

ஏதென்ஸ் உலக மெய்வல்லுநர் போட்டி. பெண்களுக்கான 200 மீற்றர் இறுதி. உக்ரைனின் ஷன்னா பின்டுசெவிச் 22.32 செக்கனில் முதலாவது. அடுத்து இருவர் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைக் கடக்கிறார்கள். ஒருவர் ஜமெய்க்காவின் மெர்லின் ஒட்டி. வயது 37, அந்தத் தலைமுறையின் மாபெரும் குறுந்தூர ஓட்டக்காரி. மற்றவர் 21 வயது சுசந்திகா. பலகையில் எண்கள் தெரிகின்றன: சுசந்திகா 22.39, ஒட்டி 22.40.

நூறில் ஒரு செக்கன். இலங்கைக்கு வெள்ளி.

[திரையில்: ஃபோட்டோ ஃபினிஷ் படம், மெதுவாகப் பெரிதாகிறது]

இந்த நூறில் ஒரு செக்கனை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இந்தப் படத்தைக் கவனியுங்கள். சாதாரண புகைப்படம் போலத் தெரிந்தாலும் இது அப்படிப்பட்டதல்ல. இந்தக் கமெரா முடிவுக் கோட்டை மட்டுமே பார்க்கிறது. மயிரிழை அகலமான அந்தக் கீற்றை ஒரு செக்கனுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் பதிந்து, கீற்றுகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போகிறது. ஆகவே படத்தின் இடமும் வலமும் தூரத்தைக் காட்டவில்லை, நேரத்தைக் காட்டுகின்றன. கோட்டின் மீது ஒரு கணம் ஊன்றி நின்ற பாதம் படகுபோல நீண்டிருக்கும். வேகமாக வீசிய கை குச்சிபோல மெலிந்திருக்கும்.

நடுவர் இதன் மீது ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்துகிறார். தலை கணக்கில்லை, கையும் காலும் கணக்கில்லை. உடல்தான் கணக்கு. அதனால்தான் ஓட்டக்காரர்கள் கடைசி அடியில் நெஞ்சை முன்னே தள்ளி விழுவதுபோல் சாய்கிறார்கள். சாய்வது அரை அடி முந்தினால் வேகம் உடையும், பிந்தினால் பயனில்லை. அந்த ஒரு சாய்வையே மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள்.

200 மீற்றருக்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. முதல் 115 மீற்றர் அளவுக்கு வளைவு. முழு வேகத்தில் வளையும் உடலை வெளியே போகவிடாமல் உள்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மிஞ்சிய 85 மீற்றர் அளவுதான் நேர்ப்பாதை. அதற்குள் நுழையும்போதே தசைகளில் தயாராக இருந்த சக்தி தீர்ந்துபோயிருக்கும். தொலைக்காட்சியில் பார்க்கும்போது கடைசியில் யாரோ ஒருவர் வேகத்தைக் கூட்டிப் பாய்ந்து வருவதுபோல் நமக்குத் தோன்றும். உண்மையில் அங்கே எல்லோருடைய வேகமும் குறைகிறது. குறைவாக இழப்பவரே முன்னால் வருகிறார்.

[திரையில்: 1998 முதல் 2000 வரை, நாள்காட்டி புரள்கிறது]

ஏதென்ஸ் வெள்ளிக்குப் பின் வந்த காலம் அவருக்கு இனிமையாக இல்லை. 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்தது. அதிலிருந்து விடுவிக்கப்பட்டு மீண்டும் ஓடினார். நல்ல வயதில் ஓர் ஓட்டக்காரி இழக்கும் மாதங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுக்காது. பின்னர் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸில் தங்கிப் பயிற்சி எடுத்தார். 2000ஆம் ஆண்டில் 100 மீற்றரை 11.04 செக்கனில் ஓடினார். சிட்னிக்குத் தயார்.

[திரையில்: 2000 செப்டெம்பர் 28, சிட்னி ஒலிம்பிக் அரங்கு]

இறுதியில் ஓடிய எட்டுப் பேரில் இருவர் அவுஸ்திரேலியர்கள். அவர்களில் ஒருவர், மூன்று நாள்களுக்கு முன் 400 மீற்றரில் தங்கம் வென்று நாட்டையே அழவைத்த கத்தி ஃப்ரீமன். ஏதென்ஸில் வென்ற பின்டுசெவிச்சும் இருக்கிறார். எல்லோர் கண்ணும் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் மீது.

ஜோன்ஸ் 21.84இல் முடித்தார். பின்னால் வந்தவர்களில் யாருக்கும் அவர் எட்டவில்லை. இரண்டாமிடத்துக்குத்தான் உண்மையான போட்டி. பஹாமாஸின் போலின் டேவிஸ்-தொம்ப்சன் 22.27. சுசந்திகா 22.28. நான்காவதாக ஜமெய்க்காவின் பெவர்லி மக்டொனல்ட் 22.35. ஃப்ரீமன் ஏழாவது.

மறுபடியும் நூறில் ஒரு செக்கன். இம்முறை அது எதிர்ப்பக்கம் விழுந்தது.

அந்த வேகத்தில் நூறில் ஒரு செக்கன் என்பது ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர். உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள், அதன் அகலம்தான். ஆனால் அன்று இலங்கையில் அதை யாரும் குறையாக எண்ணவில்லை. 52 ஆண்டுகளுக்குப் பின் வந்த ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் மேடையில் வெண்கலத்தோடு நின்றார்.

அதற்குப் பிறகும் அவர் நிற்கவில்லை. 2002இல் பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீற்றர் தங்கம். 2007 ஓசாக்கா உலகப் போட்டி 200 மீற்றரில், 31 வயதில், தன்னைவிடப் பத்து வயது இளைய அலிசன் ஃபீலிக்ஸ் தங்கம் வென்ற ஓட்டத்தில், 22.63இல் வெண்கலம். முதல் உலகப் பதக்கத்துக்கும் இதற்கும் இடையில் பத்து ஆண்டுகள். குறுந்தூர ஓட்டத்தில் பலர் முப்பதுக்குள் முடிந்துபோகிறார்கள். என்னைக் கேட்டால், சிட்னியைவிட ஓசாக்காவே அவர் எப்படிப்பட்ட ஓட்டக்காரி என்பதைக் காட்டும் பதக்கம்.

[திரையில்: 2007 ஒக்டோபர்]

ஓசாக்கா முடிந்து சில கிழமைகளில் மரியன் ஜோன்ஸ் நீதிமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். சிட்னிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட மருந்தைப் பயன்படுத்தியிருந்தார். அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஆனால் காலியான இடங்களை நிரப்ப சர்வதேச ஒலிம்பிக் குழு 2009 டிசெம்பர் வரை எடுத்துக்கொண்டது. 200 மீற்றர் தங்கம் டேவிஸ்-தொம்ப்சனுக்கு, வெள்ளி சுசந்திகாவுக்கு, வெண்கலம் மக்டொனல்டுக்கு.

அந்தக் கையகலத் தூரம் இப்போது வேறு அர்த்தம் பெற்றுவிட்டது. 2000இல் அது வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையிலிருந்தது. 2009இல் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் வந்து நின்றது. டேவிஸ்-தொம்ப்சன் மீது எனக்குக் குறையேதும் இல்லை. 34 வயதில் நேர்மையாக ஓடி வென்ற அந்தப் பெண்ணும் தன் தங்கத்துக்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார். எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். ஏமாற்றியவர் ஒருவர். அவரால் ஓட்டம் நடந்த அன்றே கிடைக்க வேண்டிய மேடையை இழந்தவர்கள் மூவர். மக்டொனல்டுக்கு அன்று எந்த மேடையும் இல்லை, நான்காவதாக வந்தவர் நேரே உடைமாற்றும் அறைக்குத்தான் போக வேண்டும்.

[திரையில்: மீண்டும் முடிவுக் கோட்டுப் படம், இரண்டு எண்கள் அருகருகே]

வெள்ளி என்று தீர்ப்பான அந்த டிசெம்பரில் சுசந்திகா 34 வயதை எட்டிக்கொண்டிருந்தார். 200 மீற்றரில் அவர் வாழ்நாளில் ஓடிய மிகச் சிறந்த நேரம் எது தெரியுமா? சிட்னி இறுதியில் ஓடிய அதே 22.28. அதைவிட வேகமாக அவர் அதற்கு முன்பும் ஓடியதில்லை, பின்பும் ஓடியதில்லை.