அமெரிக்க ஃப்ரேமா, தைவான் ஃப்ரேமா? அந்த விலை வித்தியாசம் எங்கே போகிறது

[திரையில்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்டீல் சைக்கிள் ஃப்ரேம்கள்]

வணக்கம். இந்த இரண்டு ஃப்ரேமையும் பாருங்கள். இரண்டுமே க்ரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உறுதியான ஸ்டீல், இரண்டிலும் கேரியர், மட்கார்டு மாட்ட இடம் இருக்கிறது, இரண்டுமே மூட்டை கட்டிக்கொண்டு தூரமாகப் போகிறவர்களுக்காகச் செய்தவை. இது தைவான் தொழிற்சாலையில் செய்தது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கோடு சேர்த்துப் பெரும்பாலும் ஆயிரம் டாலருக்குள் முடிந்துவிடும். அது அமெரிக்காவில் ஒரு சின்னப் பட்டறையில் கையால் செய்தது. இரண்டாயிரம் டாலருக்குக் கீழே கிடைப்பது கஷ்டம், அதுவும் முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்தால்தான். அமெரிக்காவில் இருந்துகொண்டு நல்ல ஸ்டீல் சைக்கிள் ஒன்று கட்ட நினைக்கிற எல்லோரும் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். உள்நாட்டில் செய்ததை வாங்குவதா, வெளிநாட்டில் செய்ததை வாங்குவதா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு என்பதால் தைவான் ஃப்ரேம் மட்டம் என்று நினைத்தால் அது தப்பு. அது ஏன் தப்பு என்று புரிய ஷ்வின் கதை தெரிய வேண்டும்.

[திரையில்: சிகாகோ வரைபடம், 1895]

ஷ்வின் 1895-இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவே சைக்கிள் வாங்கித் தள்ளிய நேரத்தில் அவர்களுடைய வார்சிட்டி மாடல் தெருவுக்குத் தெரு நின்றது. அது முழுக்க உள்நாட்டுச் சரக்கு, இயந்திரத்தால் பற்றவைத்த ஃப்ரேம், உடையவே உடையாது, ஆனால் முழுச் சைக்கிளின் எடை கிட்டத்தட்ட 18 கிலோ. அதே நிறுவனம் பாரமவுண்ட் என்று இன்னொன்றும் செய்தது. இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் 531 குழாயில் கையால் பிரேசிங் செய்த, அதாவது பித்தளையோ வெள்ளியோ உருக்கிக் குழாய்களை ஒட்டிய, அருமையான ஃப்ரேம், ஆனால் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு. உள்நாட்டில் செய்தது என்று சொல்லும்போது இன்று எல்லோரும் பாரமவுண்டைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பெரும்பாலானவர்கள் அன்றைக்கு ஓட்டியது வார்சிட்டியைத்தான்.

1980 அக்டோபரில் சிகாகோ தொழிற்சாலையில் வேலைநிறுத்தம், மூன்று மாதம் ஓடியது. நிர்வாகம் ஆர்டரைத் தைவானில் இருந்த ஜயண்ட் நிறுவனத்துக்குத் திருப்பியது. ஜயண்ட் அப்போது சின்னப் பையன், 1972-இல்தான் தொடங்கியது. ஆர்டர் மட்டும் போகவில்லை. இயந்திரங்கள் போயின, இன்ஜினியர்கள் போனார்கள், எப்படிச் செய்ய வேண்டும் என்ற விவரமெல்லாம் கூடவே போனது. சில ஆண்டுகளில் ஷ்வின் பெயரில் விற்ற சைக்கிள்களில் பெரும்பகுதியை ஜயண்ட்தான் செய்துகொண்டிருந்தது. 1983-இல் சிகாகோ தொழிற்சாலை மூடப்பட்டது, 1992-இல் ஷ்வின் திவால். ஜயண்ட் தன் சொந்தப் பெயரில் விற்க ஆரம்பித்து இன்று உலகத்தின் மிகப்பெரிய சைக்கிள் நிறுவனங்களில் ஒன்றாக நிற்கிறது.

ஆர்டர் எங்கே போகிறதோ அங்கேதான் கைத்திறன் வளரும். நமக்கும் இது தெரிந்த கதைதான். ரெனால்ட்ஸ் குழாய் நிறுவனத்தை வைத்திருந்த அதே ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் முருகப்பா குழுமம் 1949-இல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் வந்தது அப்படித்தான்.

[திரையில்: தைவான் வரைபடம், தைச்சுங், சாங்குவா பகுதிகள்]

தைவானில் தைச்சுங், சாங்குவா வட்டாரத்தைப் பாருங்கள். ஃப்ரேம், ரிம், செயின், ஹேண்டில்பார், பெயிண்ட் என்று எல்லாத் தொழிற்சாலைகளும் கொஞ்ச தூரத்துக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. சீனாவிலிருந்து இன்னும் மலிவான சரக்கு வர ஆரம்பித்ததும் ஜயண்டும் இன்னொரு தைவான் சைக்கிள் நிறுவனமான மெரிடாவும் உதிரிபாக நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு 2003-இல் ஏ-டீம் என்று ஒரு கூட்டணி அமைத்தார்கள். விலையில் போட்டி போட முடியாது, தரத்தில் மேலே போவோம் என்பதுதான் அவர்கள் கணக்கு. அமெரிக்க சைக்கிள் நிறுவனமான கேனன்டேல் 2009-இல் பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டு ஆலையை விட்டு ஃப்ரேம் வேலையைத் தைவானுக்கு மாற்ற முடிவெடுத்தபோது, அங்கே தரமான ஃப்ரேம் செய்யத் தெரிந்த கைகள் எப்போதோ தயாராகிவிட்டன.

சரி, அப்படியானால் கூடுதலாகக் கொடுக்கிற அந்த ஆயிரமும் இரண்டாயிரமும் எதற்கு?

முழுக்க நேரத்துக்குத்தான். குழாயில் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் ட்ரூ டெம்பர் சைக்கிள் குழாய் செய்வதை நிறுத்திவிட்டதால் அமெரிக்கப் பட்டறைக்காரரும் இப்போது இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ், இத்தாலியின் கொலம்பஸ் என்று பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வாங்குகிறார். முனையில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 என்று பற்றவைக்கும் இடத்தில் தடிமனாகவும் மற்ற இடத்தில் மெல்லிசாகவும் இழுத்த குழாய் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ரெனால்ட்ஸ் 520 குழாயையே தைவானில்தான் உரிமம் வாங்கிச் செய்கிறார்கள்.

[திரையில்: குழாய் முனையை அரத்தால் ராவும் கைகள், நெருக்கமாக]

வித்தியாசம் வேலை நடக்கும் விதத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒருவர் வெட்டுவார், அடுத்தவர் குழாய்களை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் பூட்டுவார், இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் பற்றவைப்பு மட்டுமே செய்துகொண்டிருப்பார், அந்தக் கை எப்படித் தேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், பற்றவைத்த வரி சீராக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பட்டறையில் ஒரே ஆள் உங்கள் கால் நீளம், கை நீளம், முதுகு எவ்வளவு வளையும், எந்த டயர், எவ்வளவு சுமை என்று கேட்டு வரைந்து, ஒரு குழாயின் முனை அடுத்த குழாயின் வளைவில் இடைவெளியே இல்லாமல் உட்காரும்வரை ராவி, சூடு ஏறிக் குழாய் கெட்டுப்போகாமல் பிரேசிங் செய்து, நேராக இருக்கிறதா என்று அளந்து, பெயிண்டுக்கு அனுப்புவார். ஒரு ஃப்ரேமுக்கு நாள் கணக்காகும். அவர் வாடகையும் காப்பீடும் அந்த ஒன்றிரண்டு ஃப்ரேமிலிருந்துதான் வர வேண்டும். இப்படிப் பார்த்தால் மூவாயிரம் டாலர் அநியாய விலை இல்லை, பல பட்டறைக்காரர்கள் இன்னும் கூடவே கேட்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

அந்த நேரம் உங்களுக்குத் தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி. நீங்கள் ரொம்பக் குள்ளம், ரொம்ப உயரம், அல்லது கால் நீளமாகவும் உடம்பு குட்டையாகவும் இருக்கிறவர், முதுகில் அறுவை சிகிச்சை நடந்தவர், கடையில் இருக்கும் எந்த அளவும் ஒத்துவரவில்லை என்றால் பட்டறைக்குப் போங்கள், அந்தப் பணம் வீண் போகாது. பத்து வருடம் கழித்து ஒரு குழாய் நசுங்கினால் அதை அறுத்தெடுத்து வேறு குழாய் வைக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பதும் சின்ன விஷயம் இல்லை. கடையில் இருக்கும் நடு அளவு உங்களுக்குச் சரியாக உட்காருகிறது என்றால் தைவான் க்ரோமோலியை எந்தத் தயக்கமும் இல்லாமல் வாங்குங்கள். சர்லி என்ற அமெரிக்க நிறுவனம் மினசோட்டாவில் வரைந்து தைவானில் செய்கிறது, அதை ஒளிப்பதும் இல்லை.

நான் வேண்டாம் என்று சொல்வது மூன்றாவது வகையை. பெயரே இல்லாமல் இணையத்தில் நேரடியாக வரும் மலிவான கார்பன் ஃப்ரேம், அல்லது பெரிய நிறுவனத்தின் ஸ்டிக்கரை ஒட்டிய போலி. சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210-இன்படி ஃப்ரேமைத் திரும்பத் திரும்ப அழுத்திச் சோதிப்பார்கள். அந்தச் சோதனை நடந்ததா என்று கேட்க ஒரு ஆளே இல்லாத ஃப்ரேமில் மலையிறக்கத்தில் போகாதீர்கள். ஸ்டீல் பெரும்பாலும் விரிசல் காட்டி எச்சரிக்கும், கார்பன் சட்டென்று விட்டுவிடும்.

[திரையில்: ஃப்ரேமின் அடியில் இருக்கும் சிறு ஸ்டிக்கர்]

வாங்கும்போது ஸ்டிக்கரைப் படியுங்கள். வெளிநாட்டுச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருந்தே ஆக வேண்டும், அது சட்டம். 'வடிவமைப்பு கலிஃபோர்னியா' என்று பெரிதாகப் போட்டிருந்தால் செய்த இடம் வேறு என்று பொருள், தேடிப் பாருங்கள், பெடல் அச்சுக்கு அடியில் சின்னதாக இருக்கும்.

அப்புறம், பாரமவுண்டின் பிற்கதை. ஷ்வின் குடும்பத்து ரிச்சர்ட் ஷ்வின் 1993-இல் கூட்டாளியோடு சேர்ந்து விஸ்கான்சினில் இருந்த பாரமவுண்ட் ஆலையை வாங்கி வாட்டர்ஃபோர்டு என்ற பெயரில் 30 ஆண்டு நடத்தினார். சொந்தப் பெயரிலும் மற்ற நிறுவனங்களுக்காகவும் அங்கே அருமையான ஃப்ரேம்கள் செய்தார்கள். 2023-இல் அதுவும் மூடப்பட்டது. எனக்கு இது உண்மையாகவே வலித்தது. அளவெடுத்துச் செய்கிற பட்டறை நாட்டில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள், கையில் பணமும் இருந்தால், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பட்டறைக்குப் போன் செய்யுங்கள். எத்தனை மாதம் ஆகும், முன்பணம் எவ்வளவு, இடையில் கடை மூடினால் அந்தப் பணம் என்ன ஆகும், விபத்தில் வளைந்தால் சரிசெய்து தருவீர்களா என்று நேராகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் பெயரைக் கொடுத்துவிட்டு, காத்திருக்கிற மாதங்களில் சக்கரமும் பிரேக்கும் மற்ற சாமானும் ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.