மதினி கையில் ஒரு கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம். நான் கூடலூர்க்காரன். ஊட்டிப் பக்கத்துக் கூடலூர் இல்லை. தேனி மாவட்டத்தில், குமுளி மலைக்குக் கீழே இருக்கிற கூடலூர். முப்பத்திரண்டு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தேன். விசிலும் ஸ்டாப் வாட்சும்தான் எனக்குத் தெரிந்த கருவிகள். ஓய்வு பெற்ற அன்று மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கையில் கட்டிவிட்டாள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் மதினி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியக்காலம் தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறினால் குமுளி தாண்டித் தோட்டம், இருட்டுகிற நேரத்துக்கு வீடு. ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நடக்கிறதை எண்ணிச் சொல்லக்கூட ஆள் வேணுமாக்கும்?" என்று கேட்டார். சரி, நீங்களே ஒருநாள் கட்டிக்கொண்டு போங்கள் என்று கழற்றிக் கொடுத்தேன்.

சாயங்காலம் செல்போனில் கணக்கைப் பார்த்தோம். காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த நேரத்தில் ஆயிரத்துச் சொச்சம் காலடி நடந்ததாக இருந்தது. தோட்டத்துக்குள் போகிற பாதை அப்படி, ஆளையே தூக்கித் தூக்கிப் போடும். மத்தியானத்துக்கு மேல் காய் மூட்டையைத் தலையில் வைத்து மேட்டில் ஏறினாரே, அந்த நேரத்துக்குக் கணக்கு கிட்டத்தட்ட காலி. மதினி சொன்னார்: "உட்கார்ந்து போனதுக்குக் கூலி போட்டிருக்கு, சுமந்ததுக்குப் போடலை. கங்காணியே தேவலை."

காரணம் இதுதான். வாட்சுக்குக் கால் தெரியாது. உள்ளே ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அது மணிக்கட்டின் அசைவை மூன்று திசையிலும் உணர்ந்து, கை ஒரே தாளத்தில் ஆடினால் நடை என்று முடிவு செய்கிறது. இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்திருந்தால் கை ஆடாது. குடை பிடித்தால், பிள்ளையை இடுப்பில் தூக்கினால், தள்ளுவண்டி தள்ளினால் இதே கதி. உங்கள் வாட்ச் எவ்வளவு யோக்கியம் என்று பார்க்க வேண்டுமா? வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருநூறு அடி நடங்கள். முதலில் வெறுங்கையோடு, அப்புறம் ஒரு குடம் தண்ணீரோடு.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்கிறார்களே, அதை எந்த வைத்தியரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம் ஜப்பானில் ஒரு நடைமானி விற்பனைக்கு வந்தது. பெயர் 'மான்போ-கேய்'; பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். வியாபாரத்துக்கு வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் இடுப்பில் கருவி கட்டிவிட்டுப் பார்த்தார்கள். நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு நன்றாகவே குறைந்திருந்தது. 7,500 வரைக்கும் ஆதாயம் ஏறியது, அதற்கு மேல் சமமாகிவிட்டது. என் வயதுக்காரர்கள் பத்தாயிரத்தை எட்டவில்லை என்று ராத்திரி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வர வேண்டியதில்லை.

இதயத்துடிப்பு வேறு கணக்கு. வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அந்த வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வருகிற வெளிச்சமும் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுவதுதான் வேலை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் சரியாகச் சொல்லும். பட்டை தளர்ந்தாலோ, குளிரில் கை விறைத்தாலோ, பச்சை குத்தின இடத்தில் கட்டினாலோ தடுமாறும்.

சித்ரா பௌர்ணமி அன்று, வருடத்துக்கு ஒரே நாள் திறக்கிற கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடியிலிருந்து காட்டுவழியாக ஏறினேன். பாதி மலையில் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வாட்ச் 88 என்கிறது. ஒரு பாறையில் உட்கார்ந்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, பதினைந்து விநாடி எண்ணினேன். 34. நாலால் பெருக்கினால் 136! வியர்வையில் வாட்ச் வழுக்கி எலும்பு முட்டின் மேல் கிடந்திருக்கிறது. இரண்டு விரற்கடை மேலே ஏற்றி இறுக்கிக் கட்டின பிறகுதான் வழிக்கு வந்தது. இன்னொன்று: 220இலிருந்து வயதைக் கழித்து இதுதான் உன் உச்சத்துடிப்பு என்று பல வாட்சுகள் சொல்லும். அது ஊர் சராசரி. இரத்த அழுத்தத்துக்குத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கலோரிக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில், உள்ளதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். முந்நூறு கலோரி எரித்தாயிற்று என்று இதை நம்பிப் பழம்பொரி சாப்பிட்டால் என்ன ஆகும்?

பழம்பொரி என்றதும் குமுளிச் சாயாக்கடைச் சேட்டன் ஞாபகம் வருகிறார். அவரிடம் ஊசி குத்தாமலே சர்க்கரை சொல்கிற வாட்ச் ஒன்று, ஆன்லைனில் மலிவாக வாங்கினது. அதைக் கழற்றித் தொங்குகிற நேந்திரம்பழத்தில் கட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பழத்துக்கு நிமிடத்துக்கு 81 துடிப்பு என்றது. "மாஷே, பழத்தினும் ஹார்ட்டோ?" என்று அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது; ஒரு மாதமாக அதைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டிக் குறைத்திருக்கிறார். தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்கிற வாட்சையோ மோதிரத்தையோ நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒன்றுக்குக்கூட அது அனுமதி கொடுத்திருக்கவில்லை. விலை கூடின சில வாட்சுகள் இ.சி.ஜி. எடுத்துத் துடிப்பின் தாளம் தப்புவதைக் காட்டும், அது நிஜம். ஆனால் மாரடைப்பை அவற்றால் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்க்காமல் கம்பம் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.

அப்படியானால் இது தண்டச் செலவா? இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் வருடத்து அலசல் ஒன்று, கட்டினவர்கள் நாளைக்குச் சுமார் 1,800 அடி கூடுதலாக நடந்தார்கள் என்கிறது. எடை மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோதான் குறைந்தது. 2016இல் வந்த அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வில், எடை குறைக்க முயன்றவர்களில், இரண்டு வருட முடிவில் கருவி கட்டினவர்கள் 3.5 கிலோவும் கட்டாதவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தார்கள். நடந்துவிட்டோம் என்கிற தெம்பில் கூடச் சாப்பிட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

எனக்கு உதவுவது ஒரே ஒரு எண்: தூக்கத்தில் இருக்கும்போது துடிப்பு. வழக்கமாக 62. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி 74 காட்டியது. மறுநாள் மத்தியானம் காய்ச்சல். அந்த 62 அச்சு அசலாகச் சரியா என்பது எனக்கு முக்கியமில்லை. தப்பாக இருந்தாலும் தினம் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் போதும், மாற்றம் தெரிந்துவிடும்.

மதினிக்குப் பழைய வாட்ச் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். அடி எண்ணிக்கையை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாலு மணிக்குச் சத்தமில்லாமல் கையில் அதிர்ந்து எழுப்புகிறதாம். பக்கத்தில் படுத்திருக்கிற பேரப்பிள்ளை முழிப்பதில்லை.