ஜாவா பாட் 137-ல் சாகிறதா? ஹீப்புக்கு வெளியே பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. குபர்னெட்டிஸில் ஜாவா ஆப் ஓடும் பாட் (கண்டெய்னரைச் சுமக்கும் அலகு) அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது, லாகில் ஒரு எரர்கூட இல்லை, எக்ஸிட் கோடு 137. இன்றைக்கு இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

137 என்பது 128-ம் 9-ம் சேர்ந்தது. 9 என்றால் சிக்கில், அதாவது ப்ராசஸை அந்த நொடியே கொல்லும் சிக்னல். பெரும்பாலும் மெமரி லிமிட்டைத் தாண்டியதால் லினக்ஸ் கெர்னலே ப்ராசஸை முடித்திருக்கும். ஒரு வரி எழுதக்கூட ஜாவாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் லாகில் அவுட் ஆஃப் மெமரி எரரைத் தேடிப் பயனில்லை.

நிறைய இடங்களில் கண்டெய்னரின் மெமரி லிமிட் 1 ஜிபி, ஜாவாவின் எக்ஸ்எம்எக்ஸ் ஆப்ஷனும் 1 ஜிபி என்று வைத்திருப்பார்கள். எக்ஸ்எம்எக்ஸ் என்பது ஹீப்புக்கு, அதாவது ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரிக்கு மட்டுமான உச்ச வரம்பு. மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள்), ஜேஐடி கம்பைலரின் கோடு கேச், டைரக்ட் பஃபர், ஜிசிக்கு (கார்பேஜ் கலெக்டர்) வேண்டிய இடம் எல்லாம் அதற்கு வெளியே. த்ரெட் ஸ்டாக்கும் அப்படித்தான்: 64 பிட் லினக்ஸில் பொதுவாக ஒரு த்ரெட்டுக்கு 1 எம்பி வரை போகலாம். டாம்கேட் வெப் சர்வர் எதுவும் மாற்றாமலே 200 த்ரெட் வரை திறக்கும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறதா?

சரி, எதையுமே செட் பண்ணாமல் விட்டால்? ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இன்ஜின்) பொதுவாக லிமிட்டில் 25 சதவீதத்தைத்தான் ஹீப்புக்கு எடுக்கும். 2 ஜிபி கொடுத்தால் 512 எம்பி. மீதியில் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

லிமிட்டில் எத்தனை சதவீதம் ஹீப்புக்கு என்று சொல்லும் மேக்ஸ்ரேம்பெர்சென்டேஜை நான் 75-ல் தொடங்குவேன். ஆனால் லிமிட் 512 எம்பி என்றால் ஹீப் போக மிஞ்சுவது 128 தான். ஒரு ஸ்பிரிங் பூட் ஆப்புக்கு அது போதாது, 50-க்கு இறக்குங்கள். எக்ஸ்எம்எக்ஸும் இருந்தால் சதவீதம் எடுபடாது, ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள்.

அப்புறம் வெர்ஷன். கண்டெய்னருக்கு மெமரி வரம்பு போடும் லினக்ஸ் வசதி சிகுரூப். அதன் வி2 உள்ள நோடில் (பாட் ஓடும் மெஷின்) ஜாவா 8 என்றால் அப்டேட் 372, ஜாவா 11 என்றால் 11.0.16 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அதைவிடப் பழைய ஜாவா உள்ள கண்டெய்னர் இமேஜுக்கு உங்கள் லிமிட்டே தெரியாது. 64 ஜிபி நோடில் 16 ஜிபி ஹீப் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். நோடை அப்கிரேட் செய்த மறுநாள் பாட்கள் விழுந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சதவீதத்தை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். ஜேவிஎம் எங்கெங்கே மெமரி எடுக்கிறது என்று காட்டும் நேட்டிவ் மெமரி டிராக்கிங்கை சம்மரியில் வைத்து ஆப்பை ஏற்றி, லோடு கொடுத்து, ஜேடிகேயோடு வரும் ஜேசிஎம்டி டூலில் விஎம் நேட்டிவ் மெமரி கமாண்டை ஓட்டுங்கள். திரையில் ரிசர்வ்டு (முகவரி மட்டும் ஒதுக்கியது) எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கமிட்டட் (பயன்படுத்த எடுத்துக்கொண்டது) தான் முக்கியம். ஹீப் தவிர்த்த கமிட்டட்டைக் கூட்டி, அதோடு ஹீப்பின் உச்ச அளவையும் சேர்த்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு லிமிட்டை வையுங்கள். அளந்து முடித்ததும் டிராக்கிங்கை அணைத்துவிடுங்கள், அது 5 முதல் 10 சதவீதம் வரை வேகத்தைக் குறைக்கும்.